ஊரெல்லாம் தொற்று, பிள்ளைக்கு ஊசி நாள்: எங்கே போடுவது, எப்போது போடுவது?

குடியாத்தத்தில் தாய்வீட்டில் இருக்கும் என் சித்தி மகள் போன மாதம் போன் செய்தாள். பிள்ளைக்கு இரண்டரை மாத ஊசி நெருங்குகிறது. தெருவில் நாலு வீட்டில் காய்ச்சல், இருமல். "அக்கா, புதன்கிழமை நர்ஸம்மா வரச் சொல்லியிருக்காங்க. அம்மா வேணாம்னு சொல்லுது. இவரு ஆம்பூர்ல பிரைவேட்ல போட்டுக்கலாம்ங்கறாரு. மாமியார் காய்ச்சல் அடங்கட்டும்ங்கறாங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

இதே கேள்வியோடு நானும் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் பிறந்தது 2020 பிப்ரவரி 26, புதன்கிழமை. ஒரு மாதம் முடிவதற்குள் கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. ஒன்றரை மாத ஊசிக்கான நாள் ஏப்ரல் 8. அன்று வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனையில் கட்டைகட்டி அடைத்திருந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் நான் எடுத்த முடிவுகளில் சில சரி, ஒன்று தப்பு. அந்தத் தப்பைப் பற்றியும் சொல்கிறேன். அடுத்த முறை எந்தத் தொற்று வந்தாலும், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில் நிற்பவர்களுக்கு உதவும்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது

எல்லோரும் முதலில் கேட்பது "எங்கே பாதுகாப்பு?" என்றுதான். அந்தக் கேள்வியை நான் இரண்டாவதாக வைப்பேன். முதல் கேள்வி, எந்த வழியில் போனால் ஊசி அதன் தேதியில் விழும் என்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது கூட்டம். எத்தனை பேரோடு, எவ்வளவு நேரம், மூடிய அறையிலா மரத்தடியிலா? "ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்றும்" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. காற்றோட்டமான வராந்தாவில் பத்து நிமிடம் நிற்பதும், ஏசி போட்ட ஹாலில் டோக்கனோடு இரண்டு மணி நேரம் உட்காருவதும் ஒன்றல்ல.

மூன்றாவது மருந்தின் குளிர். தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். நம்மூர் அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40ஐத் தாண்டும்போது இது சின்ன விஷயமில்லை.

நான்காவது செலவு. பில்லில் வருவதை மட்டும் சொல்லவில்லை. ஆட்டோ, போன கூலி, லீவு எல்லாம் சேர்த்துத்தான். ஐந்தாவது பதிவு. அட்டையில் ஏறுகிறதா, பிக்மி (கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கான அரசின் கணினிப் பதிவு) எண்ணில் ஏறுகிறதா என்பது. இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

## காத்திருக்கும் ஊசி, காத்திருக்காத ஊசி

இது தெரியாமல் எந்த ஒப்பீடும் வேலைக்கு ஆகாது.

பிறந்தவுடன் மூன்று: காசநோய்க்கான பி.சி.ஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைக்கான ஹெபடைட்டிஸ் பி. இதில் ஹெபடைட்டிஸ் பி 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவதைத் தடுக்கத்தான் அந்த அவசரம். ஆகவே பிரசவ வார்டை விட்டு வரும் முன் "மூணும் போட்டாச்சா?" என்று அப்பா கேட்டுவிட வேண்டும். 2020 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் கொடுத்த வழிகாட்டுதலிலும், எந்தப் பகுதியானாலும் பிறந்த குழந்தைக்கான ஊசி நிற்கக் கூடாது என்றுதான் இருந்தது. தாய்க்கே கொரோனா என்றாலும் மாஸ்க் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம்.

அடுத்து ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம். அதாவது 6, 10, 14 வாரம். அந்தக் காலத்து முத்தடுப்பு ஊசியில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்கும் மருந்து இருந்தது. இப்போதைய பென்டா ஊசியில் அதோடு ஹெபடைட்டிஸ் பி, ஹிப் கிருமி இரண்டும் சேர்ந்து ஐந்து. கூடவே போலியோ, பேதிக்கான ரோட்டா சொட்டு; அரசுத் திட்டத்தில் 6, 14 வாரத்தில் நிமோனியாவுக்கான பி.சி.வி. இவற்றில் நான் பயப்படுவது கக்குவானுக்கு. பெரியவர்களுக்கு அது வெறும் இருமல். இரண்டு மாதப் பிள்ளைக்கு மூச்சே நின்றுபோகலாம். உயிருக்கு ஆபத்து மிக அதிகம் இருப்பதே அந்த முதல் சில மாதங்களில்தான். "இன்னும் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் ஊசி தாங்கும்" என்ற பேச்சு தலைகீழ் கணக்கு.

ரோட்டா சொட்டுக்கும் வயது வரம்பு உண்டு. அரசுத் திட்டத்தில் முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கலாம். தனியார் மருத்துவர்கள் பெரும்பாலும் 15 வாரத்துக்குள் தொடங்கவில்லை என்றால் கொடுக்க மாட்டார்கள். இந்தச் சொட்டில் நம்ம ஊருக்கும் பங்கு இருக்கிறது. இந்தியாவில் உருவான ரோட்டாவாக் மருந்தின் பெரிய சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. ரோட்டா சொட்டு தேசியத் திட்டத்தில் 2016இல் சேர்ந்து, தமிழ்நாட்டுக்கு 2017இல் வந்தது.

ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அந்தச் சமயத்தில் கரைந்து போயிருக்கும். தட்டம்மை போல வேகமாகப் பரவும் நோய் குறைவு. பிறகு 16 மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் பூஸ்டர். இதற்கு மட்டும்தான் கொஞ்சம் தாராளமான இடைவெளி இருக்கிறது; ஒரு அலை அடங்கும்வரை சில வாரம் பார்க்கலாம். ஜே.இ. (ஜப்பானிய மூளைக்காய்ச்சல்) ஊசி எல்லா மாவட்டத்திலும் இல்லை, உங்கள் நர்ஸம்மாவைக் கேளுங்கள். (மூளைக்காய்ச்சலில் அந்த வகை இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டதே 1955இல் நம் வட ஆற்காடு மாவட்டத்து வேலூரில்தான். பெருமைப்பட ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளலாம்.)

தேதி தவறிவிட்டால்? முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, தவணைக்குத் தவணை குறைந்தது நான்கு வாரம் விட்டால் போதும். "நாள் போயிடுச்சு, இனிமே போட மாட்டாங்க" என்று வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

## வழி 1: புதன்கிழமை, சப்-சென்டர் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம்

தமிழ்நாட்டில் புதன்கிழமை ஊசி நாள் என்பது பாட்டிகளுக்கும் தெரியும். கிராமமானால் துணை சுகாதார நிலையத்திலோ பால்வாடியிலோ, நகரமானால் நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ போடுவார்கள். மருந்துக்குக் காசு கிடையாது.

கூட்ட விஷயத்தில் இது பலர் நினைப்பதைவிட நல்ல வழி. சப்-சென்டரில் வருவது பெரும்பாலும் ஊசிக்கு வரும் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும். காய்ச்சல் நோயாளிகளின் வரிசை அங்கே இருக்காது. ஆரம்ப சுகாதார நிலையம் அப்படியில்லை, வெளிநோயாளிகளும் அதே வாசலில் வருவார்கள். ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் சப்-சென்டர்.

குளிர் விஷயத்திலும் இதற்கு என் ஓட்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் ஐ.எல்.ஆர் என்ற மருந்துக் குளிர்பெட்டி கரண்ட் போனாலும் பல மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். உள்ளே உள்ள சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கருத்தாலோ கெட்டுப்போனது. "சிஸ்டர், கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் கேட்டபோது அந்த அம்மா, "பரவால்ல, இதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கியே" என்று சிரித்தார்.

சரி, மறைந்திருக்கும் செலவு என்ன? முதலில் கூலி. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்யும் பெண்களுக்குப் புதன்கிழமை காலை என்பது ஒரு நாள் சம்பளம். இலவச ஊசி அவர்களுக்கு இலவசம் இல்லை. அடுத்தது குப்பிக் கணக்கு. பி.சி.ஜி, தட்டம்மை-ரூபெல்லா குப்பிகளைத் திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மீதி குப்பைக்கு. ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும். தொற்றுக்குப் பயந்து வருகை குறையும் வாரத்தில் "ரெண்டு பிள்ளைதான் வந்திருக்கு, அடுத்த புதன் வாங்க" என்ற பதில் வரலாம். ஒரு பிள்ளைக்காகவும் குப்பியைத் திறக்கலாம். வீணாகும் மருந்தைவிடத் திரும்பிப் போகும் பிள்ளை பெரிய நஷ்டம். பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். பென்டா, போலியோ, பி.சி.வி குப்பிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, முறைப்படி வைத்திருந்தால் 28 நாள் வரை பயன்படும்.

மூன்றாவது, இந்த வழி மொத்தமாக நின்றுபோகக்கூடியது. 2020இல் எங்கள் பகுதி கட்டுப்படுத்தப்பட்ட பகுதியானதும் ஊசி நாளே நின்றது. நர்ஸம்மாக்களை வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் 8 போய், என் மகளுக்கு ஒன்றரை மாத ஊசி போட்டது மே 6ஆம் தேதி. முழுதாக நான்கு வாரம்.

யாருக்கு ஏற்றது: வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சப்-சென்டர் இருக்கும் எல்லோருக்கும். நர்ஸம்மாவின் நம்பர் கையில் இருந்தால் இன்னும் நல்லது. செவ்வாய் மாலையே போன் செய்து "எத்தனை மணிக்கு வந்தா கூட்டம் இருக்காது?" என்று கேட்டுவிடலாம்.

## வழி 2: தனியார் குழந்தை டாக்டர்

சாயங்காலம் ஏழு மணிக்குப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை போகலாம், நேரம் சொல்லி வைத்துக்கொண்டு போகலாம். இதுதான் இதன் முதல் பலம். தினக்கூலிக் குடும்பத்துக்குக்கூடச் சில சமயம் இது கட்டுப்படியாகும், போகும் கூலியோடு ஒப்பிட்டால்.

ஆனால் மருந்து விலையைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஆறு நோய்க்கு ஒரே ஊசி என்று வரும் வகை ஒரு தவணைக்கே சில ஆயிரம். அதுபோல மூன்று தவணை. பி.சி.வி தனி. 2020இல் பி.சி.வி அரசுத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கவில்லை, நாங்கள் காசு கொடுத்துத்தான் போட்டோம். 2021இலிருந்து அரசிலேயே இலவசம். அதாவது தனியாருக்குப் போக இருந்த பெரிய காரணம் ஒன்று இப்போது இல்லை. இன்னும் மிச்சம் இருப்பவை: பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர், டைபாய்டு, சின்னம்மை, ஃப்ளூ ஊசிகள். இவை நல்லவைதான். முடிந்தவர்கள் போடலாம், முடியாதவர்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை.

"வலியில்லாத ஊசி" என்று ஒன்று சொல்வார்கள். குத்தும்போது எல்லா ஊசியும் வலிக்கும். அந்த வகையில் பிறகு வரும் காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்பதே விஷயம். பதிலுக்கு, கக்குவானுக்கு எதிரான அதன் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. ஒரு ராத்திரி காய்ச்சலைத் தவிர்க்கக் கொடுக்கும் விலையாக இதை எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் தொற்றுக் காலத்தில் இதற்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. 2020இல் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலே வீடு கலங்கியது, அக்கம்பக்கம் விலகியது. பென்டாவுக்குப் பிறகு ஓரிரு நாளும், தட்டம்மை ஊசிக்குப் பிறகு ஐந்திலிருந்து பன்னிரண்டு நாளுக்குள்ளும் காய்ச்சல் வரலாம் என்று முன்கூட்டியே வீட்டாருக்குச் சொல்லிவைத்தால் பாதிப் பதற்றம் போய்விடும்.

மறைந்திருப்பது இரண்டு. ஒன்று, கிளினிக் திடீரென்று மூடலாம். எங்கள் மகள் பிறந்த தனியார் மருத்துவமனையின் ஊசிப் பிரிவு ஊரடங்கின் முதல் வாரமே கதவைச் சாத்திக்கொண்டது. போனையும் யாரும் எடுக்கவில்லை. "காசு கொடுத்தா எப்பவும் போட்டுக்கலாம்" என்று நம்பிப் பக்கத்துச் சப்-சென்டரில் பெயர்கூடக் கொடுத்து வைக்காமல் இருந்தேன். நான் சொன்ன தப்பு அதுதான். ஊசி நாள் மறுபடி தொடங்கியபோது பதிவில் என் மகள் பெயர் இல்லை; கூப்பிட வேண்டியவர்கள் பட்டியலில் நாங்கள் இல்லை. நானாக விசாரித்துப் போய் நின்றேன்.

இரண்டு, பதிவு. தனியாரில் போட்டால் அவர்கள் கொடுக்கும் பளபளப்பான புத்தகத்தில் ஏறும். பிக்மியில் தானாக ஏறிவிடும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். புத்தகத்தைக் கொண்டுபோய் நர்ஸம்மாவிடம் காட்ட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியை எதிர்பார்ப்பவர்களுக்கு இது பண விஷயமும்கூட, பிள்ளைக்கு ஊசி போட்ட பதிவைப் பார்த்துத்தான் அதன் சில தவணைகள்.

யாருக்கு ஏற்றது: புதன்கிழமை வரவே முடியாதவர்களுக்கு, பகுதியில் ஊசி நாள் நின்றுபோனவர்களுக்கு, கையில் காசு தாராளமாக இருப்பவர்களுக்கு. ஆறு-நோய் ஊசியைத் தொடங்கினால் மூன்று தவணையும் அதையே போட முடியுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 3: பெரிய ஆஸ்பத்திரி

வேலூர்க்காரர்களுக்கு உடம்புக்கு எதுவானாலும் ஒரே பதில்: சி.எம்.சி. அரசு என்றால் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி. மருந்தின் தரம், பதிவு, ஏதாவது ஆனால் பார்க்கும் வசதி எதிலும் குறை சொல்ல முடியாது. 1980களில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் போலியோ சொட்டு என்ற முறையை முயன்று பார்த்ததும் வேலூரில்தான். நாடு முழுக்க அது 1995இல் வந்தது.

ஆனால் தொற்றுக் காலத்தில், ஆரோக்கியமான கைக்குழந்தைக்குச் சாதாரண ஊசி போட நான் அங்கே போக மாட்டேன். காரணம் எளிது, தொற்று நோயாளிகள் வந்து சேரும் இடமும் அதுவே. வங்காளம், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வரும் ஊர் இது. 2020இல் சிகிச்சைக்கு வந்து லாட்ஜ்களில் சிக்கிக்கொண்ட அவர்களை ஊருக்கு அனுப்பக் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயிலே விட வேண்டியிருந்தது.

பயணமும் ஒரு செலவு. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். அடுத்த வருடமே அதன் வினை தெரிந்தது. வாலாஜாவிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வழக்கமாக வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் திடீரென்று 'வேறு மாவட்டம்' ஆகி, சில மாதம் இ-பாஸ் கேட்டு நின்றார்கள். ஆந்திர எல்லையில் குடியாத்தம்-பலமநேர் சாலையில் குறுக்கே சுவரே எழுப்பி, பிறகு இடித்தார்கள். அடுத்த தொற்றில் இதெல்லாம் நடக்காது என்று யார் சொல்வது? மாவட்ட எல்லையைத் தாண்டாத ஓர் இடம் உங்கள் கையில் இருக்கட்டும்.

யாருக்கு ஏற்றது: குறைமாதப் பிள்ளை, இதயக் கோளாறு, வலிப்பு, முந்தைய ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை. இப்படி ஏதாவது இருந்தால் தூரத்தையும் கூட்டத்தையும் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பாகாயம் பக்கம் இருப்பவர்களுக்குச் சி.எம்.சி.யின் சமுதாய சுகாதாரப் பிரிவு ஒரு நடுவழி.

## வழி 4: வீட்டுக்கே வந்து போடுவது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருபவர் மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவருகிறாரா, பில்லும் மருந்தின் பேட்ச் எண்ணும் தருகிறாரா, ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்காருகிறாரா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் யோசிக்கலாம். பைக் டேங்க் கவரில் மருந்தை வைத்துக்கொண்டு மே மாத வெயிலில் வந்தால் கதவைத் திறக்காதீர்கள்.

## வழி 5: அடங்கட்டும், பார்க்கலாம்

செலவே இல்லாத வழி மாதிரித் தெரிவது இதுதான். பாட்டிகளின் ஆதரவும் இதற்கே. என் அம்மாவும், "பச்சப்புள்ளயத் தூக்கிக்கினு இப்ப எங்க போவப் போற? அடங்கட்டும்டி" என்றார். அவர் பயத்தில் தப்பில்லை. ஆனால் எது அடங்க வேண்டும், எப்போது அடங்கும் என்று அவருக்கும் தெரியாது, அரசுக்கும் தெரியாது. அடங்கியது என்று நினைத்த இடத்தில் 2021இல் இரண்டாவது அலை வந்தது.

இந்த "அடங்கட்டும்" மொத்தமாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கொடுத்த எண்படி, இந்தியாவில் முத்தடுப்பின் முதல் தவணைகூடக் கிடைக்காத பிள்ளைகள் 2019இல் சுமார் 14 லட்சம். 2020இல் 30 லட்சத்தைத் தாண்டியது. 2022 கடைசியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள்.

எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது? ஆப்பிரிக்க நாடுகளை வைத்து 2020இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. ஊசிக்காக வெளியே போவதால் கொரோனா தொற்றி ஒருவர் இறந்தால், அந்த ஊசிகளால் 84 குழந்தைகளின் சாவு தடுக்கப்படும் என்றது. நம் நிலைமை வேறு, எண் அப்படியே பொருந்தாது. ஆனால் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை.

தள்ளிப்போடுவது நியாயமாகும் இடங்களும் உண்டு. வீட்டிலேயே யாருக்காவது தொற்று உறுதியாகித் தனிமையில் இருக்கிறீர்கள் என்றால், தனிமை முடியும்வரை பொறுங்கள்; அங்கே வரும் மற்றப் பிள்ளைகளுக்காக. பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் என்றால் தெளிந்த பிறகு போடலாம். லேசான சளி, மூக்கு ஒழுகல், இரண்டு தடவை பேதி, பல் முளைப்பது, இதற்கெல்லாம் தள்ளிப்போட வேண்டியதில்லை. என் மகளின் ஒன்பதாம் மாத ஊசி நாள் 2020 நவம்பர் 26. அன்று விடியற்காலை நிவர் புயல் கரையைக் கடந்திருந்தது, தெருவில் முழங்கால் தண்ணீர். அடுத்த புதன்கிழமை போனோம். தள்ளிப்போடுவது என்றால் இப்படி, திரும்பிப் போகும் தேதி கையில் இருக்க வேண்டும். தேதியில்லாத "அப்புறம்" தள்ளிப்போடுவது ஆகாது, விட்டுவிடுவதுதான்.

## ஒரு பார்வையில்

| | சப்-சென்டர் | தனியார் கிளினிக் | பெரிய ஆஸ்பத்திரி | தள்ளிப்போடுவது |
|---|---|---|---|---|
| தேதி தவறாமை | நன்று. பகுதி அடைபட்டால் நிற்கும் | நன்று. மூடினால் போச்சு | பயணத்தைப் பொறுத்தது | இல்லை |
| கூட்டம் | குறைவு | நேரம் சொல்லிப் போனால் குறைவு | அதிகம் | இல்லை |
| மருந்தின் குளிர் | நம்பலாம் | கேட்டுப் பார்க்க வேண்டும் | நம்பலாம் | பொருந்தாது |
| பில் | இல்லை | ஆயிரக்கணக்கில் | இடத்தைப் பொறுத்து | இல்லை |
| மறைந்த செலவு | ஒரு நாள் கூலி | பிக்மி பதிவு விடுபடுவது | பயணம், காத்திருப்பு | நோய் வந்தால் ஆகும் எல்லாம் |

## யார் தூக்கிக்கொண்டு போவது

நம் பக்கத்தில் முதல் மூன்று தவணையும் தாய்வீட்டில் இருக்கும் காலத்தில் விழும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைப் புகுந்த வீட்டுக்கு அழைத்து வருவார்கள். அட்டை ஓரிடம், பிள்ளை ஓரிடம், நர்ஸம்மா வேறிடம் என்று ஆகி, நடுவில் ஒரு தவணை காணாமல் போவது இந்த மாற்றத்தில்தான். தொற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கிளம்பும் முன் இரண்டு ஊர் நர்ஸம்மாவுக்கும் சொல்லிவிடுங்கள். அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அப்பாவின் போனில் ஒன்று, தாத்தாவின் போனில் ஒன்று.

ஊசிக்குப் போகும்போது பிள்ளையோடு ஒரே ஒரு பெரியவர் போதும். அது அப்பாவாக இருந்தால் என்ன? அத்தை, பாட்டி, சித்தி என்று ஐந்து பேர் போவது காதுகுத்துக்கு. அவர் வராந்தாவில் மாஸ்க்கோடு நிற்கட்டும், கூப்பிட்டதும் உள்ளே போகட்டும், ஊசிக்குப் பிறகு காத்திருக்க வேண்டிய அரை மணி நேரத்தை வெளியே வேப்பமரத்தடியில் கழிக்கட்டும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், எண்ணெய், மஞ்சள், வசம்பு எதுவும் பூச வேண்டாம். வீட்டில் இருக்கும் தாய், பயப்படும் பாட்டியைச் சமாளிக்கட்டும். அது ஊசியைவிடக் கடினமான வேலை.

சித்தி மகளுக்கு நான் சொன்னது சப்-சென்டர்தான். அவள் தெருவிலிருந்து ஐந்து நிமிட நடை, பிள்ளைக்கு வேறு கோளாறு இல்லை, ஆம்பூருக்குப் போவதென்றால் பஸ்ஸில் அத்தனை பேரோடு போக வேண்டும். அவள் வீட்டுக்காரர் அந்தப் புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தார். ஒன்பதரை மணிக்குப் போய், பத்தேகாலுக்கு வீட்டில் இருந்தார்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி போன். "அக்கா, உடம்பு கொதிக்குது. இது ஊசிக் காய்ச்சலா, தெருக் காய்ச்சலா?" பால் குடிக்கிறதா என்றேன். குடிக்கிறது. மூச்சு இழுக்கிறதா? இல்லை. அழுதால் சமாதானம் ஆகிறதா? ஆகிறது. அட்டையை எடுத்துப் பின்பக்கம் பார், எடைக்கு எத்தனை சொட்டு பாரசிட்டமால் என்று நர்ஸம்மா எழுதியிருப்பார், காலையில் அவருக்கும் ஒரு போன் போட்டுவிடு என்றேன். அட்டை எங்கே என்று வீடே தேடும் சத்தம் கேட்டது. சித்தி அதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தார்.